தொட்டியில் ஏழாயிரம், வாசலில் பலகை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மதியம் இரண்டு மணிக்கு, தொட்டியில் ஏழாயிரம் லிட்டர் பெட்ரோல் இருக்கும்போது, பங்க் வாசலில் 'ஸ்டாக் இல்லை' என்று பலகை வைத்தேன்.

எழுதிப் பார்த்தால் ஒரு வரிதான்.

ஒன்றரை மணிக்கு எண்ணெய்க் கம்பெனி டிப்போவிலிருந்து போன். நாளை காலை ஆறு மணி முதல் விலை லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏறுகிறது. எனக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன், அவ்வளவுதான். விலை வானத்துக்குப் போனாலும் அந்தக் கமிஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காது. விலை ஏறுகிற நாளில் தொட்டிக்குள் கிடக்கிற சரக்குதான் எங்களுக்கு மேல்வரும்படி. இறங்குகிற நாளில் அதே சரக்கு கையைச் சுடும். போன மாதம் இரண்டு இறங்கியபோது தொட்டி நிறைய வைத்துக்கொண்டு முழித்தேன். யாராவது வந்து துக்கம் கேட்டார்களா?

இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டுதான் எழுந்து வெளியே போனேன்.

பம்ப்பக்காவை இருப்புப் பார்க்கச் சொன்னேன். பத்து வருடமாகப் பம்ப்பில் நிற்கிறார். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனால் எல்லோருக்கும் அவர் பம்ப்பக்கா. டிப் ராடில் பசை தடவித் தொட்டிக்குள் இறக்கினார். பெட்ரோல் எதுவரை தொடுகிறதோ அதுவரை பசை சிவக்கும். தூக்கிப் பார்த்தார். கம்பியைச் சுவரில் சாய்த்தார்.

"ஏழாயிரம் சார்."

"சரி. அந்தப் பலகைய எடுத்து வாசல்ல வைம்மா."

அவர் அசையவில்லை. "சார், இப்பதான் அளந்தேன். ஏழாயிரம் இருக்கு."

"தெரியும்."

"யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"பலகைல எழுதியிருக்கறதப் படிக்கச் சொல்லு."

"அத நானும் படிச்சிட்டுதான் சார் வைக்கணும்."

வைத்தார். வாசலுக்குக் குறுக்கே கயிறும் கட்டினார். நான் அலுவலகத்துக்குள் வந்து ஜன்னல் பிளைண்டை இறக்கிவிட்டு, இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக் கடையில் திருடன்போல.

வந்த வண்டியெல்லாம் திரும்பிப் போயிற்று. சிலர் பலகையைப் பார்த்துவிட்டுக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்கள். சிலர் திட்டினார்கள். அதெல்லாம் பழக்கம்தான்.

நாலு மணிக்குச் சற்று முன்பு மூணாம் நம்பர் வந்தான். எதிரே டாக்சி ஸ்டாண்டில் மூன்றாவது இடம் இருபது வருடமாக அவனுடையது. பெயர் சொன்னால் அவன் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். ஒரு சவாரி முடிந்தால் ஐந்து லிட்டர், அடுத்த சவாரி முடிந்தால் ஐந்து லிட்டர் என்று போடுகிறவன். அவன் வண்டியில் பெட்ரோல் முள் எப்போதும் படுத்தே இருக்கும். இன்று வாசலுக்கு வரும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது. கயிற்றுக்கு முன்னால் இறங்கி நின்றான். பம்ப்பக்கா தரையைப் பார்த்து ஏதோ சொன்னார். அவன் சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு அலுவலகப் பக்கம் திரும்பி,

"அண்ணன் கடையிலயே இல்லன்னா ஊர்ல எங்கதான் இருக்கும்?" என்றான். "சரிம்மா."

ஒரு கையை ஜன்னல் வழியே ஸ்டீரிங்கில் வைத்து, தோளைக் கதவில் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனான். அடுத்த பங்க் இரண்டு கிலோமீட்டர். நடுவில் ஏற்றம் வேறு.

வளைவு திரும்பும்வரை பார்த்தேன். எழுந்து போகவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 4, புதன்

ஆறு மணிக்குப் பலகையை எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டேன். ஆறு ஐந்துக்கு முதல் வண்டி.

பெட்ரோல் விலை ஏறினால் ஆட்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று பார்க்க இந்த வாசலைவிட நல்ல இடம் கிடையாது. ஒருவர் ஸ்கூட்டரை இரண்டு பக்கமும் ஆட்டி, காதை டேங்க்கில் வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்று திரும்பிப் போனார். காலைக் குளிரில் போட்டால் அளவு கூடும் என்று யாரோ சொன்னார்களாம், மூன்று பேர் அதற்காகவே விடியற்காலையில் வந்திருக்கிறார்கள். தொட்டி மண்ணுக்குள் இருக்கிறது, அதற்குக் குளிரும் தெரியாது வெயிலும் தெரியாது என்றால் நம்பவில்லை. ஒரே அலுவலகத்து ஆட்கள் நான்கு பேர் நான்கு காரை விட்டுவிட்டு ஒரே காரில் வந்தார்கள். முன்சீட் யாருக்கு என்று சண்டை.

ஸ்டாண்டில் 'மைலேஜ்' என்று ஒருவன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தவிர வேறு பேச்சு அவனுக்குத் தெரியாது. இறக்கத்தில் எஞ்சினை அணைப்பான். ஏசி போடச் சொன்னால் ஜன்னலை இறக்கி, "இயற்கைக் காத்து சார்" என்பான். இன்று டிக்கியைத் திறந்து காட்டினான்.

"ஸ்டெப்னிய எடுத்து வீட்ல வச்சிட்டேன்ணே. இருபது கிலோ மிச்சம்."

"வழியில பஞ்சர் ஆனா?"

"வீட்டுக்குப் போய் எடுத்துக்குவேன்."

"எதுல போவ?"

யோசித்தான். "அத அப்ப பாத்துக்கலாம்ணே. ஆமா, ஏன் இப்பிடி ஏறுது? சண்டையாலயா, டாலராலயா, வரியாலயா?"

"எனக்கே போன் வந்தாதாம்ப்பா தெரியும்."

"உங்களுக்கென்ன, ஏறினா வேட்டைதான்."

வேறு நாளாக இருந்தால் கமிஷன் கணக்கை அவன் முகத்தில் அடித்திருப்பேன். என் பணம் எவ்வளவு முடங்குகிறது, ஆவியாகப் போவது எவ்வளவு, ஏறினால் விற்பனை எப்படிப் படுக்கிறது என்று அரைமணி நேரம் பாடம் எடுத்திருப்பேன். அதெல்லாம் நிஜமும்கூட. இன்று வாயைத் திறக்கவில்லை.

ஏழாயிரம் லிட்டர், நான்கு வீதம், இருபத்தெட்டாயிரம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

மூணாம் நம்பர் வரவில்லை. பம்ப்பக்கா நான் தினமும் தருகிற ஃப்ளாஸ்க் டீயை வாங்கவில்லை. "வீட்லேர்ந்து கொண்டாந்துட்டேன் சார்."

மார்ச் 6, வெள்ளி

மூணாம் நம்பர் வந்தான். ஐந்து லிட்டர். என்னைப் பார்த்து எப்போதும்போலக் கையைத் தூக்கினான். அப்பாடா என்று இருந்தது.

விஷயம் முடிந்தது. இனி எழுத வேண்டாம்.

மார்ச் 8, ஞாயிறு

முடியவில்லை.

மத்தியானம் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, நம்ம டீச்சரம்மா இருக்காங்கல்ல, பாவம்."

டீச்சரம்மா ரிட்டயர் ஆனவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் — செவ்வாய், வியாழன், சனி — சாயங்காலம் ஐந்து மணிக்கு டயாலிசிஸ் மெஷினில் படுக்கிறார். நான்கு மணி நேரம். மூன்று வருடமாக அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது மூணாம் நம்பர்தான். மற்ற சவாரியெல்லாம் வந்தால் உண்டு. இது மட்டும்தான் அவனுக்கு மாதச் சம்பளம்போல.

"செவ்வாக்கெழம வரேன்னவன் ஆறேகாலுக்குத்தான் வந்தானாம். வழியில பெட்ரோல் இல்லாம நின்னுட்டானாம். ஆஸ்பத்திரில போய்ப் படுக்க ஆறேமுக்கால் ஆயிடுச்சு. மெஷின் இவங்களுக்கு ஒம்பதேகால் வரைக்கும்தான், அடுத்த ஆள் காத்திருக்கு. ரெண்டரை மணி நேரத்துல எழுப்பி விட்டுட்டாங்களாம். ரெண்டு நாள் கால் வீங்கி, மூச்சு வாங்கிட்டு உக்காந்திருந்தாங்க. மகன் கோவத்துல வேற வண்டி மாத்திட்டான்."

நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டயாலிசிஸ்க்குப் போற வண்டிய காலியாவா வச்சிருப்பான்னு அந்தப் பையன் திட்டறான். ஏங்க, அன்னிக்கி நம்ம பங்க்லயும் இல்லையாமே?"

"ஆமா" என்றேன்.

ஆமாவாம். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம்.

இப்போது கூப்பிட்டு, 'இல்லடி, இருந்துச்சு' என்று சொன்னால் என்ன? நாக்கு என்ன இரும்பிலா செய்திருக்கிறது? சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. சத்தம் நிற்கட்டும், சொல்கிறேன் என்று உட்கார்ந்திருந்தேன். நின்றது. சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கிறவன் செய்யவே கூடாதது.

டேங்கர் வந்தால் வாசலில் சிவப்புக் கொடி கட்டுவோம். மணல் வாளிகளை வரிசையாக வைப்போம். ஒரு மணி நேரம் விற்பனை நிறுத்தம். எதிரே ஸ்டாண்டில் பதினொரு வண்டி. சவாரி இல்லாத நேரத்தில் அவர்களுக்கு என் வாசல்தான் டிவி. செவ்வாய்க்கிழமை 'ஸ்டாக் இல்லை', புதன்கிழமை ஆறு மணிக்கு விற்பனை. நடுவில் டேங்கரே வரவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுமாம்.

பதினொரு மணிக்கு ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடைக்குப் போனேன். தூணுக்கு அந்தப் பக்கம் அவர்கள். என்னைப் பார்க்கவில்லை.

மைலேஜ் குரல்: "டேங்கர் வரல. காலைல பாத்தா பெட்ரோல் கொட்டுது. எப்பிடி? கெணறு மாதிரி ராத்திரில ஊறுச்சா?"

சிரிப்பு. "அப்ப நாமளும் வீட்ல ஒரு குழி தோண்டிட வேண்டியதுதான்" என்றான் இன்னொருவன்.

"எடை அளவு அதிகாரிக்கு ஒரு போன் போட்டா போதும். பங்க்குக்கே சீல் வச்சிருவாங்க" என்றது வேறொரு குரல்.

அப்போது மூணாம் நம்பர் சொன்னான்: "டேங்கர் வந்துச்சு."

"எப்ப?"

"விடியக்காலைல. நாலரை இருக்கும். ஸ்டேஷன் சவாரி முடிச்சிட்டு வந்தேன். கொடி கட்டியிருந்துச்சு. நான் பாத்தேன்."

"நெசமாவா?"

"பொய் சொல்ல எனக்கென்ன கமிஷனா குடுக்கறாரு?"

அவன் சொன்னால் ஸ்டாண்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

டீக்கிளாஸ் கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

வராத டேங்கரை அவன் பார்த்திருக்கிறான். எனக்காக. அந்தச் செவ்வாய்க்கிழமையால் மாதச் சவாரியைத் தொலைத்தவன்.

ஏன்? என்னை அவ்வளவு நம்புகிறானா? நம்பினால் பொய் எதற்கு?

மார்ச் 11, புதன்

வியாபாரி புத்தி எங்கே போகும்? பெட்ரோலால் வந்ததைப் பெட்ரோலாலேயே துடைத்துவிடலாம் என்று பார்த்தேன். மூணாம் நம்பர் வந்தால் டேங்க்கை நிரப்பிவிடு, காசு வாங்காதே என்று பம்ப்பக்காவிடம் சொல்லிவைத்தேன்.

வந்தான். மீட்டர் ஐந்தைத் தாண்டியதும் குழாயைப் பிடித்துக்கொண்டான்.

"அஞ்சு சொன்னேன்ல?"

"சார் நிரப்பச் சொன்னாரு. காசு வேண்டாமாம்."

"எனக்கு அஞ்சுதான் வேணும்."

அதற்குள் ஐந்தே முக்கால் ஓடியிருந்தது. முக்கால் லிட்டர் காசையும் சில்லறையாக எண்ணிப் பம்ப் மேலே அடுக்கிவைத்துவிட்டுப் போனான். பம்ப்பக்கா அந்தச் சில்லறையைக் கொண்டுவந்து என் மேஜையில் அதே அடுக்காக வைத்தார்.

இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்து டிராயரில் போடக் கை வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பம்ப்பக்கா இன்று பேசினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் வேலைக்கு வராதன்னு சொன்னாலும் சரி."

"சொல்லும்மா."

"அன்னிக்கி நான் டிப் ராட சுவத்துல சாச்சு வச்சேன். தொடைக்கல. மறந்துட்டேன். மூணாம் நம்பர்காரரு வந்து நின்னப்ப அதத்தான் பாத்தாரு. என் நெஞ்சு ஒசரத்துக்குப் பசை செவந்திருந்துச்சு. அப்புறம் என்னப் பாத்தாரு. எனக்கு உசிரே போச்சு."

"என்ன சொன்னான்?"

"அதான் சொன்னாரே, சரிம்மான்னு. அவ்ளோதான். கத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவருக்கு அன்னிக்கே தெரியும் சார்."

போய்விட்டார்.

மூன்றாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். 'சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்த்தான்' என்று நானே எழுதியிருக்கிறேன். பலகையை நம்பிப் போகிறான் என்று நினைத்தேன். பிளைண்டுக்குப் பின்னால் நான் இருப்பதுவரை தெரிந்தேதான் போயிருக்கிறான். தெரிந்தே தோளைக் கொடுத்துத் தள்ளியிருக்கிறான். தெரிந்தே வெள்ளிக்கிழமை எனக்குக் கையைத் தூக்கியிருக்கிறான். நான் 'அப்பாடா' என்று எழுதியிருக்கிறேன்.

அந்த 'அப்பாடா'வை அடிக்கப் பேனாவை எடுத்தேன். வேண்டாம். இருக்கட்டும்.

மார்ச் 14, சனி

இன்று டயாலிசிஸ் நாள். நாலரைக்கு வேறு ஒரு வண்டி டீச்சரம்மாவோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. மூணாம் நம்பர் ஸ்டாண்டில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கண்ணாடியையே.

மார்ச் 15, ஞாயிறு

மனைவியிடம் சொல்லிவிட்டேன். குழம்பிப்போய்க் கமிஷன் கணக்கிலிருந்து ஆரம்பித்தேன். "கணக்கு கெடக்கட்டும், என்ன பண்ணீங்க அதச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"ரோட்டோரத்துல ஸ்டூல் போட்டு பாட்டில்ல பெட்ரோல் வித்தோமே, நெனப்பிருக்கா?"

"இருக்கு."

"பக்கத்து ஸ்டூல்காரன் அடி தடிச்ச பாட்டில் வாங்கிட்டு வந்தான். பாக்க ஒரு லிட்டர், ஊத்தினா எண்ணூறு மில்லி. நீங்களும் அப்பிடி வாங்குங்கன்னு சொன்னது நான்தான். கைல கொழந்த, வீட்ல அடுப்பு எரியல. நீங்க மாட்டேன்னீங்க."

அடுத்த துணியை எடுத்தாள்.

"அன்னிக்கி எனக்கு உங்க மேல அவ்ளோ கோவம். இன்னிக்கி பங்க், வீடு, கார். இப்ப என்ன அவசரம் வந்துச்சு உங்களுக்கு?"

பசித்தபோது செய்யாததை வயிறு நிறைந்தபின் செய்திருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை, கைக்கு எட்டியது, அவ்வளவுதான். அதுதான் கேவலமாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

மதியம் ஒன்று நாற்பதுக்கு டிப்போ போன். நாளை காலை ஆறிலிருந்து லிட்டருக்கு மூன்று ஏற்றம்.

இருப்பு ஆறாயிரத்துச் சொச்சம். பதினெட்டாயிரம் என்று மனசு தானாகப் பெருக்கிவிட்டது. இத்தனைக்கு அப்புறமும்! வெட்கங்கெட்ட மனசு. ஸ்டோர் ரூம் சாவி எங்கே இருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

பம்ப்பக்கா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் வந்தது அவருக்கும் தெரியும்.

"கயிறு கட்டணுமா சார்?"

"வேண்டாம். போட்டுக்கிட்டே இரு. கேன்ல கேட்டா குடுக்காத."

செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். இருபத்திரண்டு அடி ரோடு. அதன் அகலம் இன்றுதான் தெரிந்தது.

மூணாம் நம்பர் வண்டிக்குள் இருந்தான். முன்கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கண்ணே போகணும்?"

"எங்கயும் இல்லப்பா. அன்னிக்கி தொட்டில ஏழாயிரம் இருந்துச்சு."

"பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா யாரு மாட்டுவா? அந்தம்மா. கம்பியத் தொடைக்காம வச்சது அவங்கதானே? ரெண்டு பிள்ளைங்கள வச்சிட்டுத் தனியா நிக்கறவங்க. உங்க கோவம் எனக்குத் தெரியாதா?"

"ஸ்டாண்டுல டேங்கர் வந்துச்சுன்னு சொன்னியே?"

"ஓ, அதுவும் கேட்டுச்சா?" சிரித்தான். "உங்கள நல்லவருன்னு நெனச்சு சொல்லலண்ணே. இந்தப் பக்கத்துல அளவு சரியா போடற பங்க் உங்களது ஒண்ணுதான். அதுக்கும் சீல் வச்சிட்டா நாங்க பதினோரு பேரும் அந்த ரெண்டு கிலோமீட்டர்காரன்கிட்டதான் போகணும். அவன் அஞ்சுன்னு சொல்லி நாலரை போடுவான். ஏறின வெலைல அரை லிட்டர் யாரு குடுப்பா?"

நல்லவன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அளவு சரி, அதனால் விட்டுவைத்தான். ஒரு தராசை விட்டுவைக்கிற மாதிரி.

"மன்னிச்சிருப்பா" என்றேன். வாயிலிருந்து சத்தமாக வந்ததா என்று தெரியவில்லை.

"மன்னிப்ப ஊத்தினா வண்டி ஓடுமாண்ணே?"

"என்ன வேணும், சொல்லு. அந்த மாசச் சவாரிக் காசு எவ்ளோன்னு சொல்லு, நான்—"

"பாத்தீங்களா, உடனே காசு." ஸ்டீரிங்கில் தட்டினான். "எனக்கு அந்த சவாரி வேணும். டீச்சரம்மா வீட்ல என்னப் பத்தி என்னான்னு நெனச்சிட்டிருக்காங்க? பொறுப்பு இல்லாதவன், காலி வண்டிய ஓட்டறவன். அஞ்சஞ்சு லிட்டரா போடறது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா நாலு மணிக்கு நான் உங்க வாசலுக்கு வந்தேன். அத நான் சொன்னா சாக்கு. நீங்க சொன்னாதான் நிஜம்."

"நான் போய்ச் சொல்லணும்."

"நீங்க போய்ச் சொல்லணும்."

"மகன் முன்னாடி?"

"எல்லார் முன்னாடியும்."

இருபத்தெட்டாயிரத்தையும் இரண்டு மடங்காகக் கேட்டிருந்தால் அங்கேயே கொடுத்திருப்பேன். அவன் கேட்டது அதைவிடப் பெரிய தொகை.

திரும்பி வந்தபோது வாசலிலிருந்து வளைவுவரை வண்டிகள். நாளை ஏறுகிற செய்தி பரவிவிட்டது. ஐந்து கேனோடு வந்த ஒருவர் பம்ப்பக்காவிடம் கத்திக்கொண்டிருந்தார். பம்ப்பக்கா அதைவிடச் சத்தமாக. பதின்மூன்று நாளைக்கு அப்புறம் அந்தக் குரல். ஏழு மணிக்கு ராடு இறக்கினோம். தொள்ளாயிரம் மிச்சம்.

என் ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ வாங்கிக்கொண்டார்.

மார்ச் 17, செவ்வாய்

காலை பத்து மணிக்கு டீச்சரம்மா வீடு. மனைவியும் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். "தனியாப் போனா பாதியோட வந்துருவீங்க" என்று வந்துவிட்டாள்.

மாடிப்படியில் மூன்று முறை நின்றேன்.

கூடத்தில் டீச்சரம்மா சாய்வு நாற்காலியில். மகன் வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். 'வாங்க வாங்க' என்று நாற்காலி போட்டான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றபடியே சொன்னேன். பலகை, ஏழாயிரம், நாலு மணிக்கு அவன் வந்தது, நான் ஜன்னல் இடுக்கில் பார்த்தது — பார்த்ததையும் சொன்னேன். சொல்ல வேண்டியதில்லைதான். பாதியோடு வரக்கூடாது அல்லவா.

மகன் முகம் சிவந்தது. "அம்மா உசிரு சார்! உங்களுக்கு நாலு காசு பெருசாப் போச்சா?"

"ஆமாப்பா. அன்னிக்கிப் பெருசாப் போச்சு."

அடிக்க வருவான் என்றே நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டீச்சரம்மா கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். ஊசி குத்திக் குத்தி முடிச்சு விழுந்த கை. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"நான் நாலு மணி நேரம் படுக்கணும். அன்னிக்கி ரெண்டரைதான் படுத்தேன். அப்ப மிச்சம் எவ்ளோ?"

"ஒன்றரை மணி நேரம் டீச்சர்."

"அது உங்ககிட்ட இருக்கு. திருப்பித் தர முடியுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். ஐம்பத்தாறு வயதில், பெண்டாட்டி பக்கத்தில் நிற்க.

"முடியாதுல்ல. அது உங்ககிட்டயே இருக்கட்டும். ஒவ்வொரு தடவ வெல ஏறும்போதும் எடுத்துப் பாருங்க." மகனிடம் திரும்பினார். "அந்தப் பிள்ளைக்குப் போன் போடு. இன்னிக்கி நாலரைக்கு வரச்சொல்லு. டேங்க்க நெரப்பிட்டு வரச்சொல்லு."

இறங்கும்போது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். படி செங்குத்து என்பதாலும் இருக்கலாம்.

நாலு இருபதுக்கு மூணாம் நம்பர் வந்து முழு டேங்க் போட்டான். முதல்முறையாக. இன்றைய விலைக்கு, காசு கொடுத்து. மேஜை மேலிருந்த சில்லறையைக் கொண்டுபோய் நீட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

மார்ச் 19, வியாழன்

இன்று ஸ்டாண்டில் போய் நானே சொன்னேன், டேங்கர் வரவில்லை என்று. எனக்காகச் சொன்ன பொய்யை மூணாம் நம்பர் சுமந்துகொண்டிருக்க விட முடியாது. மைலேஜ், "அப்ப கெணறு ஊறலையா? நான் வீட்ல பாதி தோண்டிட்டேனேண்ணே" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒருவன் எழுந்து வண்டிக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டான். சரிதான்.

பலகையை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து, பின்பக்கம் திருப்பிக் கறுப்பு அடித்துக்கொண்டிருக்கிறார் பம்ப்பக்கா. இனி அதில் இருப்பு எழுதுவோம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசி முடித்தோம். மூணாம் நம்பர் லேசில் விடுகிற ஆள் இல்லை, நானும் பேரம் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிவானது இது:

டீச்சரம்மா சவாரி வாரம் மூன்று நாள், போக வர, பழைய வாடகைக்கே, ஆறு மாதத்துக்கு. நடுவில் பெட்ரோல் ஏறினால் அந்தச் சவாரிக்கு ஆகிற வித்தியாசம் என் கமிஷனில். ஒரு வருடம் கேட்டான், ஆறு மாதத்தில் நிறுத்தினேன். ஏற்றத் தகவல் வந்தால் வந்த நிமிடமே பலகையில் எழுத வேண்டும். அன்று பங்க்கை மூடக் கூடாது. வண்டிக்குப் பத்து லிட்டர், கேன் கிடையாது. மாலை ஏழு மணிக்கு டிப் ராடை அவன் இறக்குவான், பம்ப்பக்கா படிப்பார், நான் பலகையில் எழுதுவேன். தொட்டியில் உள்ளவரை விற்பனை, அன்றைய விலைக்கு.